பழைய கோயிலில் வாய்ப்பாடு

நான் வாத்தியார் ஆனதற்குப் படிப்பு காரணமில்லை, பனைமரம் காரணம். அப்பா விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை மரம் மரமாக ஏறி இறங்குகிறவர். நான் என் பதினாலாவது வயதில் ஒரே ஒரு மரத்தில் ஏறினேன். ஏறியதில் ஒரு குறையும் இல்லை. இறங்கத்தான் வரவில்லை. மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஜெபம்தான் பண்ணினேன். கொஞ்சம் சத்தமாகப் பண்ணினேன், அவ்வளவுதான். அப்பா ஏறி வந்து, இடுப்பில் கயிறு போட்டு என்னை இறக்கினார். கீழே வேடிக்கை பார்த்து நின்றவர்களிடம், "மூணு காட்டுக்கு அங்கிட்டு கேட்டிருக்கும்லா இவன் சத்தம். இவன வாத்தியாருக்குத்தான் விடணும்" என்றார். அடுத்த வருஷமே பாளையங்கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோய், மிஷன் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

அப்பா கேலிக்குச் சொல்லவில்லை. சாத்தான்குளத்தைச் சுற்றியிருந்த பனங்காட்டில் அந்தக் காலத்தில் வாத்தியாருக்கு முதல் தகுதி தொண்டை. பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லோரும் காலையில் மரத்தின் மேல் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? ஆனால் கைதான் பாளை சீவுகிறது, காது சும்மாதானே இருக்கிறது. உச்சியில் இருந்தபடியே வாய்ப்பாட்டைக் கேட்பார்கள். சத்தம் வந்தால் படிப்பு நடக்கிறது. சத்தம் நின்றால் வாத்தியார் தூங்குகிறார். இந்தக் கணிப்பில் தப்பே வராது என்று நம்பினார்கள். என் விஷயத்தில் வந்ததும் இல்லை. சத்தம் நின்றபோதெல்லாம் நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

டில்லியில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டிய சமயம், எனக்கு எங்கள் ஊரிலிருந்து நடைதூரத்தில் ஒரு சிற்றூரில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். பள்ளிக்கூடம் என்பது ஓர் ஓலைக் கொட்டகை. முப்பத்திரண்டு பிள்ளைகள். அந்த ஆனி மாதக் காற்றில் கொட்டகை போய்விட்டது. விழுந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். விழுந்திருந்தால் கிடந்த இடத்தில் இருக்குமே. இது கிழக்கே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அதில் பாதியை ஒருவர் உடைமரக் காட்டில் பார்த்ததாகச் சொன்னார்.

அதே வருஷம் ஊரில் புதுக் கோயில் கட்டி முடித்திருந்தார்கள். கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவக் கோயிலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புதுக் கோயில் கல்லுக் கட்டடம், கோபுரம், கண்ணாடிச் சன்னல். அதற்கு எதிரே பழைய கோயில் காலியாக நின்றது. பாட்டன்மார் மண்ணைக் குழைத்துக் கட்டியது. சுவர் இரண்டு முழம் கனம். சன்னல் என்று பெயருக்கு நாலு, அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. மேற்கே வாசல். கிழக்குக் கோடியில் மூன்று படி ஏறினால் ஒரு மேடை, அதில்தான் அப்பமும் திராட்சரசமும் வைக்கிற திருவிருந்து மேசை இருந்தது. மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். மேசையைப் புதுக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதியை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

போதகர், எங்கள் பக்கம் ஐயர் என்போம், ஒரு நல்ல காரியம் செய்தார். சபையாரை எல்லாம் பழைய கோயிலுக்குள் கூட்டி, மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார். இன்று முதல் இது ஆலயம் அல்ல, வெறும் கட்டடம், எந்த நல்ல காரியத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் வாசித்து முடித்ததும் சபையார் எல்லோரும் முழங்கால்படியிட்டு, "ஆமென்" என்றார்கள்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முதலில் அதை ஊர்ப் பஞ்சாயத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு பனைமரத்துக்காக அண்ணன் தம்பி வழக்கு வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என் மேல்தான் என்றான். தம்பி, இல்லை என் மேல்தான் என்றான். இரண்டு பேருமே மரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாசலைத் தாண்டி வெளியே வந்ததும், மரம் என்னுடையது என்று ஒருவன் துண்டை ஒருவன் பிடித்துக்கொண்டார்கள். திரும்ப உள்ளே கூட்டிப் போனால் திரும்ப அழுதார்கள். மூன்று தடவை உள்ளே வெளியே போய் வந்த பிறகு பஞ்சாயத்தார் களைத்துப்போய் வேப்பமரத்தடிக்கே திரும்பிவிட்டார்கள்.

அடுத்தது கருப்பட்டி வியாபாரி ஒருவர். சபைக் கமிட்டியில் பெரிய ஆள். ஊருக்கே அவர் அண்ணாச்சி. கருப்பட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டடத்தைக் கேட்டு வாங்கினார். பெண்கள் கருப்பட்டிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வருவார்கள். வாசலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள். நேரே போய் மேடைப் படியில் பெட்டியை வைத்துவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார்கள். அதற்கு மேல் அண்ணாச்சி எப்படிப் பேரம் பேசுவது? கருப்பட்டியை உடைத்துப் பார்த்து, இது கரி, இது மண் என்று சொல்வதுதான் அவர் தொழிலுக்கு அடிப்படை. அங்கே நின்றால் அது வரமாட்டேன் என்றது. ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "இவ்வளவு நல்ல கருப்பட்டிய நான் பாத்ததே இல்ல" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அன்று சாயங்காலமே சரக்கை அள்ளிக்கொண்டு வெளியேறினார்.

கமிட்டியில் அவர் சொன்னார்: "இது ஒண்ணுக்கும் ஆவாது. பிரிச்சிப் போட்டா உத்தரமாவது மிஞ்சும். எல்லாம் வைரம் பாஞ்ச பனை. கோயிலுக்கு ஒரு நல்ல தொகை குடுத்து நான் எடுத்துக்கிடுதேன்."

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் வருவதாக எனக்குக் கடிதம் வந்தது. ஆடி மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவார். முறையான கட்டடம் இருந்து, பிள்ளைகளும் ஒழுங்காகப் படித்தால் அங்கீகாரம் தொடரும். இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டியது. மூடினால் முப்பத்திரண்டு பிள்ளைகளும், ஏறுகிற வயது வரும்வரை, பனைக்குக் கீழே பதநீர்க் கலயம் பிடிக்கப் போவார்கள். நான் பாபநாசத்துக்கு மேலே, மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன ஓர் இடத்துக்குப் போவேன். அங்கே முன்பிருந்த வாத்தியார் என்ன ஆனார் என்று போதகரிடம் கேட்டேன். "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

கமிட்டியில் எழுந்து பழைய கோயிலைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துக்கிடும் வே. இன்ஸ்பெக்டர் வந்து சரின்னு எழுதிட்டா பள்ளிக்கூடம் ஒமக்கு. இல்லேன்னா மறுநாளே உத்தரம் எனக்கு. சரிதானா?"

சரி என்றேன். இரண்டு முழச் சுவர், ஓட்டுக் கூரை, காற்று தூக்கிக்கொண்டு போகாது. இதில் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

முதல் நாள் பிள்ளைகள் வந்தார்கள். வெளியே ஒருவனை ஒருவன் மண்ணில் உருட்டிக்கொண்டிருந்தவர்கள், வாசலில் காலைத் தட்டிவிட்டு, பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்கள். பையன்கள் வலது பக்கம், பெண் பிள்ளைகள் இடது பக்கம். யாரும் சொல்லாமலே எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் மேடைப் படியில் ஏறி நின்றேன். அதுதானே எல்லோருக்கும் தெரிகிற இடம். வாயைத் திறந்தேன்.

"மூ...விரண்டு... ஆறு" என்றேன்.

அது என் குரல் இல்லை. போதகரின் குரல். இழுத்து, குழைத்து, கடைசியில் கொஞ்சம் நடுக்கம் வைத்து வந்தது. பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, பையச் சொன்னார்கள்: "ஆமென்."

"ஏலே, ஆமென் இல்லலே. திருப்பிச் சொல்லுங்க. மூவிரண்டு ஆறு."

"ஆமென்" என்றார்கள்.

மேடையை விட்டு இறங்கி, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிந்த என் சொந்தத் தொண்டையைப் பலவந்தமாக வரவழைத்து, ஒரு கத்துக் கத்தினேன். பின்னாலிருந்து என் தலையில் பொட்டென்று ஒரு மூங்கில் கம்பு விழுந்தது. கோயில்குட்டியார். கோயிலில் மணி அடிப்பது, பாய் விரிப்பது, பிரசங்கத்தில் தூங்குகிறவர்களையும் பேசுகிறவர்களையும் நீளக் கம்பால் தட்டுவது எல்லாம் அவர் வேலை. புதுக் கோயிலில் வேலை முடிந்ததும் இங்கே வந்து வாசலோரம் உட்கார்ந்துகொள்வார். பழக்கம்.

"ஏன்வே அடிக்கீரு? இது கோயில் இல்லன்னு காயிதம் வாசிச்சாச்சுல்லா?" என்றேன். ஆனால் ரகசியமாகத்தான் சொன்னேன்.

"ஒமக்குக் காயிதம் வந்திச்சி. எனக்கு யாரு காயிதம் போட்டா?" என்றார் அவரும் ரகசியமாக.

பத்து மணிக்கெல்லாம் பக்கத்து மரத்திலிருந்து குரல் வந்தது. அந்த மரத்துக்காரருக்கு மூன்று பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள்.

"ஏ வாத்தியாரே! உசுரோட இருக்கீரா?"

அடுத்த மரம் பதில் சொன்னது: "புதுக் கட்டடம்லா. குளுகுளுன்னு இருக்கும். தூங்குதாரு."

"மூணு நாளைக்கு முன்னால கொட்டாய் இல்லாம வெயில்ல கத்துனாரே, அப்ப நல்லாருந்தாரு."

"பாவம், தூங்கட்டும்லே. காத்தோட்டம் நல்லா இருக்குமாக்கும்."

நான் வெளியே ஓடி வந்து, தூங்கவில்லை என்று கத்தினேன். வெளியே வந்ததும் சத்தம் நன்றாக வந்தது. "இப்பம் முழிச்சிட்டாரு" என்றது மூன்றாவது மரம்.

ஒரு வாரத்தில் எட்டுத் தகப்பன்மார் கமிட்டிக்குப் பிராது கொடுத்தார்கள். வாத்தியார் பகல் முழுக்கத் தூங்குகிறார் என்பது பிராது. நான் விழித்திருந்து வேலை பார்த்த ஒரே வாரம் அது.

வீட்டில் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட கத்துதீங்களே, அதில பாதி அங்க கத்துனா போதும்."

"அங்க வரமாட்டேங்குது, ஏளா. கிழக்க அந்த மேடையப் பாத்துட்டு உக்காந்தா பிள்ளையளுக்கு வாயே திறக்கல. அதான் விஷயம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வழி தெரிந்துவிட்டது. இப்படிச் சட்டென்று வழி தெரிகிற நேரங்களில் நான் நிதானித்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

மறுநாள் பிள்ளைகளை மேடைக்கு முதுகு காட்டி, மேற்கே வாசலைப் பார்த்து உட்கார வைத்தேன். கோயில்குட்டியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டு பாடத்தை ஆரம்பித்தேன். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஓட்டுக்குள்ளிருந்து புழுதி கொட்டியது. எனக்கு ஆனந்தம். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த வாய்ப்பாடு எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தது.

ஆனால் பிள்ளைகள் மேற்கே பார்த்தால் நான் கிழக்கே பார்த்தல்லவா நிற்க வேண்டும்? அந்த மேடை இப்போது என் கண்ணுக்கு நேரே இருந்தது. மேசை இல்லாத மேடைதான். இருந்தும் இரண்டாம் வரியிலேயே என் குரல் இறங்கியது. மூன்றாம் வரியில் உதடு மட்டும் அசைந்தது. நாலாம் வரியில் என்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் கத்துகிறார்கள், வாத்தியார் ஜெபத்தில் நிற்கிறார்.

"பிள்ளைய சத்தம் கேக்கு. வாத்தியாரக் காணோமே" என்றது மரம்.

"அதுவளே படிக்குதுவ. இவரு ஊருக்குப் போயிட்டாரு."

இந்தத் தடவை பிராது வேறு மாதிரி வந்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை என்று. அண்ணாச்சி ஒரு நாள் காலை உள்ளே வந்து, அண்ணாந்து உத்தரங்களை ஒன்று இரண்டு என்று விரலால் எண்ணிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் வர ஆறு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் மனைவி எனக்குச் சோறு கொண்டுவந்தாள். வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு, பழக்கப்படி இடது பக்கம் போய் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். நான் எட்ட நின்று ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவளோ வெண்டைக்காய் குழையவில்லை என்பதைத் தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

"ஒனக்கு மட்டும் எப்பிடிச் சத்தம் வருது?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இது பொம்பிளைய பக்கம்லா. இங்கன நாங்க எப்பம் பேசாம இருந்தோம்? ஐயரு பிரசங்கம் முடியுததுக்குள்ள யாரு வீட்டுல என்ன குழம்புன்னு பேசி முடிச்சிருவோம். கோயில்குட்டியாரு கம்பு இங்கன எட்டாது. எட்டுனாலும் யாரு பயந்தா?"

வாசலோரம் இருந்த கோயில்குட்டியார் வருத்தத்தோடு தலையாட்டினார். முப்பது வருஷத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் தலையாட்டல்.

"அப்ப நீங்க இங்கன வந்து நின்னு சொல்லிக் குடுங்க" என்றாள்.

"நான் பொம்பிளைய பக்கமா?"

"பாபநாசத்துல எந்தப் பக்கம் நின்னா என்ன?"

ஒரு கிறிஸ்தவ ஆண்பிள்ளை கோயிலில் அந்தப் பக்கம் கால் வைத்ததை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய், இடது சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். மேடை என் கண்ணில் இல்லை. அது இடது தோளுக்கு அங்கே எங்கோ இருந்தது. வாயைத் திறந்து, "மூவிரண்டு ஆறு" என்றேன். பனைமர உச்சியில் பதினாலு வயதில் வந்த அதே குரல். வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது.

"ஆம்பிள பொம்பிள பக்கம் நிக்கதாவது! ஊரு என்னத்துக்கு ஆவும்?" என்று கோயில்குட்டியார் எழுந்தார்.

"ஒங்க பேரன் ரெண்டு பேரும் நாளைக்கிப் படிக்காம கலயம் கழுவப் போனா, அது என்னத்துக்கு ஆவும் மாமா?" என்றாள் மனைவி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பிள்ளைகளை எல்லாம் இடது சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். ஐந்து நாள் மரங்களிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஊரில் கிடையாது.

இன்ஸ்பெக்டர் சேரன்மகாதேவிக்காரர். நெற்றி நிறைய விபூதி, வெள்ளைத் தலைப்பாகை. சுற்றிலும் நெல்வயலைப் பார்த்து வளர்ந்தவர். மாட்டு வண்டியிலிருந்து இறங்கி எங்கள் செம்மணலைப் பார்த்ததும், தண்ணீர் கேட்கலாமா கேட்டால் இவர்களுக்குக் கஷ்டமாக இருக்குமா என்று தயங்கியது முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தோம். அண்ணாச்சியும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் அளவுக் கயிறு இருந்தது.

கோயில்குட்டியார் மரியாதை தெரிந்தவர். பெரிய மனுஷர் வருகிறார் என்று புதுக் கோயிலிலிருந்து நல்ல நாற்காலி ஒன்றை எடுத்து வந்து, மேடையின் நடுவில் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பைக் கழற்றினார். நேரே நடந்து மேடை ஏறி உட்கார்ந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகளும், ஐந்து நாள் பழக்கத்தை ஒரே நொடியில் மறந்து, கிழக்கே திரும்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். அவர் சைவக்காரர். இந்த மேடைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் குரல் இழுத்து, குழைந்து, கடைசியில் கொஞ்சம் நடுக்கத்தோடு வந்தது.

"மூன்றை... நான்கால் பெருக்கினால்... என்ன?"

"ஆமென்" என்றார்கள் பிள்ளைகள்.

அவர் புத்தகத்தைத் திறந்து என்னவோ எழுதினார். வேப்பமரத்தடியில் யாரோ எழுந்து நிற்பது வாசல் வழியே தெரிந்தது.

நான் மேடை அருகே போய், ரகசியமாக, "ஐயா, தலைக்கு மேலே வௌவால்" என்றேன்.

வௌவால் இருந்தது உண்மை. அது பல வருஷமாக அங்கே தொங்குகிறது, பல போதகர்களின் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறது, யாரையும் ஒன்றும் செய்ததில்லை. இதை எல்லாம் நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இங்கன வந்திருங்க ஐயா, இந்தச் சுவத்தோரம் நல்லா காத்து வரும்" என்று நாற்காலியை இடது பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது எந்தப் பக்கம் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அரசாங்க அதிகாரியைப் பெண்கள் பக்கத்தில் உட்கார வைத்ததற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது.

அவர் அங்கே உட்கார்ந்து, பிள்ளைகள் அவர் பக்கம் திரும்பியதும், பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். இந்தத் தடவை நல்ல கனத்த குரல். தாலுகாக் கச்சேரியில் பழகின குரலாக இருக்கும். அது வாசல் வழியாக வெளியே போய்விட்டது.

பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து, உயரத்திலிருந்து, ஒரு பதில் வந்தது:

"பதினொண்ணு!"

"இல்ல! பன்னெண்டு!" என்று முப்பத்திரண்டு பேரும் ஓடு அதிரக் கத்தினார்கள். அந்த மரத்துக்காரரின் மூன்று பிள்ளைகளும் மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகக் கத்தினார்கள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார். "யார் அது?"

"பெற்றோர், ஐயா."

"எங்கே?"

"மேலே."

அவர் கூரையைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன். இந்த ஊரில் தகப்பன்மார் எல்லோரும் மரத்திலிருந்துதான் பள்ளிக்கூடத்தைக் கவனிக்கிறார்கள் என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். மரத்துக்காரர் அரிவாளோடு உச்சியில் நின்று கும்பிட முயன்று, பாதிக் கும்பிடோடு நிறுத்திக்கொண்டார்.

"நீ ஏனய்யா பதினொன்று என்று சொன்னாய்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"தப்பா நினைக்கப்பிடாது ஐயா. ஒரு கை மரத்துல இருக்கு. எண்ணுததுக்கு ஒரு கைதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து மேலும் பத்துக் கேள்வி கேட்டார். பிள்ளைகள் ஒன்பதுக்குச் சரியாகச் சொன்னார்கள். பத்தாவது, தாமிரபரணி எந்தக் கடலில் கலக்கிறது என்பது. அதைப் பிள்ளைகளுக்கு நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. சொல்லிக் கொடுத்ததை ஒருவர்கூட மறக்கவில்லை. ஒரே குரலில் தப்பாகச் சொன்னார்கள்.

அவர் வெகுநேரம் எழுதினார். புத்தகத்தை என்னிடம் நீட்டினார். கட்டடம் உறுதியானது, இடது சுவரில் இரண்டு பெரிய சன்னல் வைக்க வேண்டும். பிள்ளைகள் தெளிவாகவும் தைரியமாகவும் பேசுகிறார்கள். ஆசிரியர் பூகோளத்தைத் திரும்பப் படிப்பது நல்லது. பெற்றோர் படிப்பில் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள். அங்கீகாரம் தொடரலாம்.

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் அதைச் சத்தமாக வாசித்தேன். பூகோளத்தை மட்டும் வாசிக்கவில்லை. அண்ணாச்சி அளவுக் கயிற்றை வாங்கிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "உத்தரம் எங்க ஓடிரப் போவுது? இருக்கட்டும்" என்றார். "சன்னலுக்கு நெலை வேணுமின்னா சொல்லும், எங்கிட்ட ரெண்டு கெடக்கு."

சாயங்காலம் மரத்துக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இடுப்பில் அரிவாள் பெட்டி, உடம்பெல்லாம் மரச் சிராய்ப்பு. உள்ளே வரவில்லை.

"வாத்தியாரே, அந்தப் பொஸ்தவத்துல எம்பேரப் போட்டுட்டாவளா?"

"இல்ல. பெற்றோர்னு பொதுவாத்தான் இருக்கு."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப ஊரு மொத்தத்துக்கும் கெட்ட பேரா? நான் ஒருத்தன் சொன்னதுக்கு?"

அது கெட்ட பேர் இல்லை, பாராட்டு, அந்த ஒரு வரி இல்லையென்றால் பள்ளிக்கூடமே இல்லை என்று பலவிதமாக எடுத்துச் சொன்னேன். புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் எழுத்தை உற்றுப் பார்த்தார். நம்பினதாகத் தெரியவில்லை. பதினொன்று என்று சர்க்கார் புத்தகத்தில் எங்கேயோ ஏறிவிட்டது, வாத்தியார் மனசு நோகக் கூடாது என்று மறைக்கிறார் என்ற பார்வை. மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பிள்ளைகள் வந்து, இடது சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் என் இடத்தில் போய் நின்று, வருகைப் பதிவை எடுத்து, முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"பன்னெண்டு!" என்றது மரம்.